நாவல் எழுதி முடிக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன், கையில் இரண்டு முடிவு இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

லேபர்கேம்ப்பொண்ணு:

வணக்கம். இதுவரை இங்கே படித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், எழுதுவது முதல்முறை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டரை வருஷமாக ஒரு நாவல் எழுதுகிறேன். அவுட்லைன் எதுவும் போடவில்லை. முன்பு இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், எந்த அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்று எழுதி முடித்த அன்றைக்கே எனக்கு அந்தக் கதையின் மேல் இருந்த ஆசை போய்விட்டது. அதனால் இந்தத் தடவை ஒரே ஒரு காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு பையன் தன் உயரத்துக்குப் பொருந்தாத பெரிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான், கேரியரில் துணி சுற்றிக் கட்டிய இட்லிப் பாத்திரம். அவ்வளவுதான் தெரியும். மற்றதெல்லாம் எழுத எழுத வந்தது. காலையில் டோம்பிவலியிலிருந்து தாதர் வரை ஃபாஸ்ட் லோக்கலில் போகும் நேரம்தான் என் எழுத்து நேரம். லேடீஸ் டப்பாவில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து, கிடைக்காவிட்டால் கம்பியில் சாய்ந்து நின்று, போனிலேயே தட்டி எழுதியது எல்லாம். இப்போது 41 அத்தியாயம், 95,000 வார்த்தைக்குக் கொஞ்சம் மேல்.

கதை இதுதான். தாராவி லேபர் கேம்ப்பில் சுடலைமுத்து என்று ஒரு இட்லிக்காரர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மனைவி பொன்னுத்தாய் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து இட்லி ஊற்றுவாள், இவர் ஆறு மணிக்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஹாரனை அமுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். 2005 ஜூலை 26, மும்பையே வெள்ளத்தில் மூழ்கிய அந்த மழை நாள். காலை வியாபாரம் முடிந்து, சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு, மத்தியானம் கலினாவில் ஒரு கேண்டீன்காரரிடம் பாக்கி வாங்கப் போனவர் திரும்பவே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் பன்னிரண்டு வயது மகன் மணி சைக்கிளை எடுக்கிறான். அங்கிருந்து அவனும் அவன் அம்மாவும் எப்படி வாழ்ந்தார்கள் என்பதுதான் மற்ற அத்தியாயங்கள். கதை 2010 வரை வந்து நிற்கிறது.

முடிவு இரண்டு எழுதியிருக்கிறேன். ஒன்றில் அவர் உயிரோடு இருக்கிறார். அந்த வெள்ளத்தைச் சாக்காக வைத்து வீட்டை விட்டுப் போனவர், சூரத்தில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார், மணி போய்ப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லாமல் திரும்புகிறான். இன்னொன்றில் கடைசி வரை எந்தத் தகவலும் இல்லை, பொன்னுத்தாய் ஒரு மழைநாளில் மாஹிம் கழிமுகம் வரை நடந்து போய் நின்றுவிட்டு வருகிறாள். ஆபீஸ் தோழி முதல் முடிவைப் படித்துவிட்டு அழுதாள். வீட்டுக்காரருக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. எனக்கு இரண்டும் பிடிக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நாலு மாசமாக ஒரு வரி நகரவில்லை.

இவ்வளவு எழுதிய பிறகு இப்போது போய் அவுட்லைன் போடுவதில் அர்த்தம் இருக்கிறதா? நீங்கள் எல்லாம் முடிவை எப்படித் தீர்மானித்தீர்கள்?

செம்பூர்34:

முதலில் ஒரு விஷயம். 95,000 வார்த்தை எழுதியது சாதாரண வேலை இல்லை, அதிலும் லோக்கலில் நின்றுகொண்டு. அவுட்லைன் இல்லாமல் எழுதியது தப்பு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஆனால் இப்போது அவுட்லைன் போட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. முன்னால் போடுவது வேறு, எழுதி முடித்த பிறகு போடுவது வேறு. முன்னால் போட்டால் நடக்கப்போவதை எழுதுவீர்கள், இப்போது போட்டால் நீங்கள் உண்மையில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்பது தெரியும். அது நம் ஞாபகத்தில் இருப்பதும் இல்லை, இரண்டரை வருஷத்துக்கு முன்னால் எழுதிய அத்தியாயத்தை நாம் நினைத்துக்கொண்டிருக்கும் விதமே வேறாக இருக்கும்.

நான் செய்தது இது. தினக் காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அத்தியாயத்துக்கு ஒரு தாள். பின்பக்கத்தில் மூன்று வரி: இதில் யாருக்கு என்ன வேண்டும், கடைசியில் கிடைத்ததா, ஏதாவது பொருள் இடம் மாறியதா. மூன்றாவது கேள்வி உங்களுக்கு விசித்திரமாகத் தெரியலாம், அதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன். மனிதர்கள் என்ன நினைத்தார்கள் என்று நாம் ஜாக்கிரதையாக எழுதுவோம், சாமான்களைப் பற்றிக் கை தானாக எழுதிவிடும். என் நாவலில் மொத்தம் 34 அத்தியாயம், அதில் 11-இல் கதாநாயகனுக்கு எதுவுமே வேண்டியிருக்கவில்லை, சும்மா நடமாடிக்கொண்டிருந்தான். தாளில் எழுதிப் பார்க்கும்வரை எனக்குத் தெரியவே இல்லை. அந்தப் பதினொன்றையும் எடுத்த பிறகுதான் முடிவு எங்கே இருக்கிறது என்று பிடிபட்டது.

உங்கள் முதல் முடிவைப் பற்றி ஒரு கேள்வி. வெள்ளத்துக்கு முந்தைய அத்தியாயங்களில் சுடலைமுத்து வீட்டை விட்டுப் போகக்கூடிய ஆள் என்பதற்கு ஒரு வரியாவது இருக்கிறதா? நேரடியாகச் சொல்ல வேண்டியதில்லை. பணத்தை எங்கே வைக்கிறார், ஊருக்குப் போய்த் திரும்பும்போது முகம் எப்படி இருக்கிறது, இப்படி ஏதாவது. ஒரு வரிகூட இல்லை என்றால் சூரத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் சுடலைமுத்து இல்லை, முடிவுக்காகக் கொண்டுவந்த வேறு யாரோ. படிக்கிறவர்கள் அழுவார்கள், அது வேறு. அழுகை வருவதை வைத்து முடிவைத் தேர்ந்தெடுக்க முடியாது, ஒரு குடும்பத்தைப் பற்றி இவ்வளவு பக்கம் படித்தவர் எந்த முடிவுக்கும் அழுவார்.

மாட்டுங்கா டீச்சர்:

கண்ணு, ரொம்ப நன்றாகக் கேட்டிருக்கிறாய். எனக்குத் தாள் போடுவதில் விரோதம் இல்லை, ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, முழுசையும் பிரிண்ட் எடு. போனில் எழுதினதைப் போனிலேயே படித்தால் கை திருத்திக்கொண்டே போகும், படிக்காது. பிரிண்ட் எடுத்து, பேனாவைக் கையில் எடுக்காமல், வாய்விட்டுப் படி. வீட்டில் ஆள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள். எந்த இடத்தில் குரல் தானாக மெதுவாகிறதோ அங்கேதான் கதை இருக்கிறது.

முடிவு என்பது கடைசியில் ஒட்டவைக்கிற ஒன்று இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஜெயகாந்தனைத்தான் உதாரணமாகச் சொல்வேன். 1966-இல் ஆனந்த விகடனில் அவருடைய ‘அக்னிப் பிரவேசம்’ வந்தது. மழையில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறிய பெண் கெட்டு வீடு திரும்புகிறாள், அவள் அம்மா தலையில் தண்ணீரை ஊற்றி நீ சுத்தமாகிவிட்டாய் என்று சொல்லி ஊருக்குத் தெரியாமல் மறைத்துவிடுகிறாள். அந்த முடிவுக்கு எவ்வளவு சண்டை நடந்தது! பிறகு அவரே அந்த அம்மா அப்படிச் செய்யாமல் போயிருந்தால் என்று எடுத்துக்கொண்டு எழுதியதுதான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. விஷயம் வெளியே தெரிந்துவிடுகிறது, அந்தப் பெண்ணின் வாழ்க்கையே வேறாகிவிடுகிறது. 1972-இல் சாகித்ய அகாதமி பரிசும் வந்தது. கவனி, நடந்த சம்பவம் ஒன்றுதான். அதற்குப் பிறகு அம்மா எடுத்த ஒரு முடிவு மாறியதும் பன்னிரண்டு பதின்மூன்று பக்கக் கதை போய்ப் பெரிய நாவல் வந்துவிட்டது.

உன் இரண்டு முடிவிலும் எனக்கு ஒரு குறை தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதே. ஒன்று அப்பாவைப் பற்றிய செய்தி, இன்னொன்று அப்பாவைப் பற்றிய செய்தி இல்லாமை. இரண்டுமே அந்த மனிதரைச் சுற்றியே இருக்கின்றன. நாற்பத்தோரு அத்தியாயத்தில் அவர் எத்தனையில் இருக்கிறார்? நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் ஏழோ எட்டோ. மிச்சமெல்லாம் பொன்னுத்தாயும் மணியும். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தீராமல் இருப்பது என்ன? அதை நீ ஏற்கெனவே எங்கேயோ எழுதியிருப்பாய், உனக்குத் தெரியாமல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் என்ன ஆனது என்று சொல்லியாக வேண்டுமே என்று பயப்படாதே. கல்கி நாலு வருஷம் போல ‘பொன்னியின் செல்வ’னை வாரா வாரம் எழுதி 1954-இல் முடித்தபோது, அவருக்கே இவர் என்ன ஆனார் அவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டார்கள், அதற்காக முடிவுரை எழுதி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கேட்கட்டும். கேட்கிறார்கள் என்றால் உன் ஆட்கள் அவர்களுக்கு உயிரோடு இருக்கிறார்கள்.

குர்லாவாசி:

நான் எழுதுகிறவன் இல்லை, படிக்கிறவன். ஆனால் அந்த 26-ஆம் தேதியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் சித்தப்பா அன்றைக்கு அந்தேரியில் வேலை. ரயில் நின்றுவிட்டது, போன் கிடைக்கவில்லை. அன்று ராத்திரி முழுக்க எங்கள் வீட்டில் லைட் இல்லை, இடுப்பளவு தண்ணீர், நாங்கள் எட்டுப் பேர் மாடி வீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தோம். சித்தி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் மத்தியானம் சித்தப்பா வந்தார், செருப்பு இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு. வந்ததும் சித்தி முதலில் கேட்டது, ‘சாப்பாட்டு டப்பா எங்கே?’ என்று. அவர் அதைத் தொலைத்திருந்தார். அதற்காக அப்படித் திட்டினார், எங்களுக்குப் புரியவே இல்லை. பிறகு பாத்ரூமில் போய் அழுதார்.

சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பெய்தது, கொலாபாவில் 100 மி.மீ. கூட இல்லை. ஒரே ஊரில் பாதிப் பேருக்கு அது சாதாரண மழை நாள். உங்கள் ஆள் சாந்தாகுருஸ் பக்கத்துக் கலினாவுக்குப் போனார் என்றால் சரியாக அந்தப் பெருமழையின் வாயில்தான் போய் மாட்டியிருக்கிறார், நடுவில் மிட்டி ஆறு வேறு. அக்கா, அன்றைக்குத் திரும்பாதவர்களுடைய வீட்டுக்காரர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர் சூரத்தில் இருந்தார் என்பது உங்கள் கதைக்குத் தேவை என்றால் எழுதுங்கள், ஒரு திருப்பம் வேண்டும் என்பதற்காக மட்டும் எழுத வேண்டாம். என் சித்தி படித்தால் என்ன நினைப்பார் என்று யோசித்தேன், அதனால் சொல்கிறேன்.

கோர்ட்டுக்காரன்:

எனக்கு நாவல் பற்றிப் பெரிதாகத் தெரியாது, ஆனால் உங்கள் கதையில் ஒரு கணக்கு இருக்கிறது, நீங்கள் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. சிவில் கோர்ட்டில் பதினெட்டு வருஷம் வேலை செய்கிறேன்.

காணாமல் போனவரைப் பற்றி, இருந்தால் கேள்விப்பட்டிருக்கக்கூடியவர்கள் யாரும் ஏழு வருஷமாக எதுவும் கேள்விப்படவில்லை என்றால், அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம். 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தில் 108-ஆவது பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டம் வந்துவிட்டது, ஏழு வருஷம் அதிலும் அப்படியே இருக்கிறது, உங்கள் கதைக்குப் பழையதுதான் பொருந்தும். அப்படியென்றால் பொன்னுத்தாய் 2012 ஜூலை கடைசிக்குப் பிறகுதான் இந்தக் காரணத்தைச் சொல்லி கோர்ட்டுக்கு வர முடியும். நீங்கள் 2010-இல் வண்டியை நிறுத்திவிட்டீர்கள்.

எதற்காக வருவார்கள் என்று கேட்டால், வீடுதான். வீடோ கரண்ட் மீட்டரோ பேங்குக் கணக்கோ அவர் பேரில் இருக்கும். முதலில் கேட்கிற காகிதம், ஆள் காணவில்லை என்று போலீசில் கொடுத்த புகாரின் நகல். அதை ஒரு பாலிதீன் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார்கள். பிரித்துக் கொடுக்கும்போது மடிப்பில் எழுத்து அழிந்திருக்கும்.

இரண்டு விஷயம் உங்களுக்குப் பயன்படலாம். ஒன்று, அந்த ஏழு வருஷம் முடிந்த பிறகு இறந்துவிட்டார் என்று யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். பாரம் அந்தப் பக்கம் மாறிவிடுகிறது. இரண்டாவது, இறந்தார் என்றுதான் சட்டம் கொள்ளும், எந்தத் தேதியில் இறந்தார் என்று கொள்ளாது. தேதி முக்கியமென்றால் அதைத் தனியாகத்தான் நிரூபிக்க வேண்டும். இதைச் சொன்னதும் எத்தனையோ பேர், ‘அப்போ திதி எப்போ சார் கொடுக்கிறது?’ என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியாது.

மாட்டுங்கா டீச்சர்:

திதி தெரியாவிட்டால் அமாவாசையில் கொடுப்பார்கள், தம்பி. ஜூலை 26 என்றால் ஆடி மாசம், ஆடி அமாவாசையே கொடுக்கலாம். ஆனால் பொன்னுத்தாய் கொடுப்பாளா என்பது வேறு. கண்ணு, இவர் சொன்னதை இரண்டு தடவை படி. உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும். உன் கதையில் அப்படிச் சொல்பவர் யார்?

லேபர்கேம்ப்பொண்ணு:

பதினைந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். டீச்சரம்மா சொன்னபடி பிரிண்ட் எடுத்தேன், ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில், 300 பக்கத்துக்கு மேல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை, நாலு ராத்திரி சமையலறையில் உட்கார்ந்து சின்னக் குரலில் படித்தேன். பிறகு செம்பூர் அண்ணா சொன்ன தாள்களும் போட்டேன்.

சுடலைமுத்து போகக்கூடிய ஆள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. எனக்கே வருத்தமாக இருந்தது, அந்த சூரத் காட்சி நன்றாக வந்திருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. மூன்றாவது வரி, எந்தப் பொருள் இடம் மாறியது என்று எழுதிக்கொண்டே வந்தபோது ஒரு தப்பு கண்ணில் பட்டது. ஆறாவது அத்தியாயத்தில் மணி முதன்முதலாக சைக்கிளை எடுக்கிறான். சீட்டு உயரம், கால் எட்டவில்லை. குரங்குப் பெடல் போட்டால் இட்லிப் பாத்திரம் சாய்ந்துவிடும், அதனால் பாந்த்ரா வரை தள்ளிக்கொண்டே போகிறான். சீட்டை இறக்கித் தரச் சொல்லி அம்மாவிடம் கேட்கிறான். அவள், ‘அப்பா வந்தா திரும்ப ஏத்தணும், வேண்டாம்’ என்கிறாள். அப்புறம் பத்தொன்பதாவது அத்தியாயம், 2006 பொங்கல் சமயம். ஒரு பில்டிங் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறான், சீட்டில் உட்கார்ந்தபடியே, இரண்டு காலும் தரையில் ஊன்றியிருக்கிறது. நான்தான் எழுதியிருக்கிறேன், ‘இரண்டு காலும் தரையில்’ என்று. நடுவில் யாரும் சீட்டை இறக்கவில்லை. ஆறு மாசத்தில் பையன் அவ்வளவு வளரவும் முடியாது.

முதலில் தாளில் ‘தப்பு, திருத்த வேண்டும்’ என்று எழுதினேன். மறுநாள் ரயிலில் விக்ரோளி தாண்டும்போது சட்டென்று புரிந்தது. அவள் இறக்கியிருக்கிறாள். அவனைத் தவிர அந்த வீட்டில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், அதுவும் கிரைண்டர் பெல்ட் மாற்றும் அத்தியாயத்தில் ஏற்கெனவே இருக்கிறது. மூன்று மணிக்கு எழுந்தவள், பையன் தூங்கும்போது, பக்கத்து வீட்டில் ஸ்பேனர் வாங்கி, நட்டைத் தளர்த்தி, சீட்டை இறக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இட்லி ஊற்றப் போயிருக்கிறாள். அவர் வரமாட்டார் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மணிதான் ஏழு வருஷமும் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான், அவள் இறக்கிவைத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டே.

டீச்சரம்மா, நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான் என்று நினைக்கிறேன். கோர்ட்டுக்கார அண்ணா, நீங்கள் சொன்ன 2012 வரை கதை போக வேண்டும். காகிதத்தில் அம்மா கையெழுத்துப் போட்டுவிடுவாள், மகன் போடமாட்டான். அதற்குப் பிறகு என்ன என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. அந்த ராத்திரிக் காட்சியை, அவள் சீட்டை இறக்குவதை, பத்தொன்பதாவது அத்தியாயத்துக்கு முன்னால் எழுதிச் சேர்க்கவா, இல்லை கடைசியில் வைக்கவா?

செம்பூர்34:

இரண்டும் வேண்டாம். அந்தக் காட்சியை எழுதவே எழுதாதீர்கள்! உங்களுக்கே தெரியாமல் ஒளித்து வைத்ததை நீங்களே வெளிச்சம் போட்டுக் காட்டினால் அது நடந்ததாக இருக்காது, சொல்லப்பட்டதாகிவிடும். ஆறாவது அத்தியாயத்தில் ‘வேண்டாம்’ என்ற வார்த்தையும் பத்தொன்பதில் தரையில் ஊன்றிய காலும் போதும். நூறு பேரில் பத்துப் பேர் முதல் தடவை படிக்கும்போதே கவனிப்பார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம். 2012-இல் மணிக்குப் பத்தொன்பது வயது. சீட்டு இப்போது எந்த உயரத்தில் இருக்கிறது? வளர வளர அவன்தானே ஏற்றியிருப்பான்?

இன்னொன்று, நாங்கள் எல்லோரும் உங்களுக்கு ஆளுக்கொரு யோசனை சொல்கிறோம், நானும்தான். டிக்கன்ஸ் 1861-இல் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ முடிவை ஒரு நண்பர் சொன்னார் என்பதற்காக மாற்றினார். முதலில் எழுதியதில் கதாநாயகனும் அவன் காதலித்த பெண்ணும் பிரிந்தே போய்விடுவார்கள், மாற்றியதில் சேரக்கூடும் என்ற நம்பிக்கை இருக்கும். இன்றைக்கு வரை எது சரி என்று சண்டை, நிறைய பதிப்புகளில் இரண்டையும் அச்சடித்து விடுகிறார்கள். ஆபீஸ் தோழி, வீட்டுக்காரர், நாங்கள், யார் சொல்வதையும் கேளுங்கள், ஆனால் அந்தப் பத்தொன்பதாவது அத்தியாயத்தோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

குர்லாவாசி:

அண்ணா சொன்ன சீட்டு விஷயம். எங்கள் வீட்டில் பழைய சைக்கிள் ஒன்று இருந்தது. ஒரே உயரத்தில் பல வருஷம் இருந்தால் சீட்டுக் கம்பியில் கிளாம்ப் பிடித்த இடத்தில் ஒரு வளையம் மாதிரிக் கோடு விழுந்துவிடும். மேலே பளபளப்பாக இருக்கும், அந்தக் கோட்டில் மட்டும் முலாம் போய்த் துருப்பிடித்திருக்கும். சீட்டை இறக்கினால் கோடு உள்ளே போய்விடும், தெரியாது. ஏற்றினால் மறுபடி வெளியே வரும்.

லேபர்கேம்ப்பொண்ணு:

இதைப் படித்ததும் கை நடுங்கிவிட்டது. தம்பி, ரொம்ப நன்றி.

இப்போது தெரிகிறது. 2012, மழைக்காலம். காகிதம் கையெழுத்துக்காக வீட்டில் கிடக்கிறது. மணிக்கு இந்த வருஷம் முட்டி இடிக்கிறது, சீட்டை இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறான். ஒவ்வொரு வருஷமும் ஏற்றியிருக்கிறான், கோடு வந்ததில்லை. இந்தத் தடவை கம்பியை இழுத்ததும் கிரீஸும் தூசியுமாக அந்த வளையம் வெளியே வருகிறது. அப்பாவின் உயரம். அவனுக்கு இப்போது அதே உயரம். அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது, இந்தக் கோடு இவ்வளவு நாள் உள்ளே இருந்தது என்றால் யாரோ ஒரு நாள் இதை இறக்கியிருக்க வேண்டும், தான் இறக்கவில்லை. உள்ளே அம்மா சட்னிக்குத் தேங்காய் துருவுகிற சத்தம் கேட்கிறது. அவன் எதுவும் கேட்கவில்லை.

இது அவுட்லைன் போட்டிருந்தால் வந்திருக்காது. அவுட்லைன் போடாமலே இருந்திருந்தாலும் அந்தத் தாளில் ‘தப்பு’ என்று எழுதியிருக்க மாட்டேன், கண்ணிலேயே பட்டிருக்காது. சூரத் அத்தியாயத்தைத் தனி ஃபைலில் போட்டு வைத்துவிட்டேன். மாஹிம் கழிமுகக் காட்சியில் மூன்று வரி மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு பயம் இருக்கிறது. அவன் கையெழுத்துப் போடுவதோடு முடிப்பதா, கோட்டைப் பார்ப்பதோடு முடிப்பதா? கையெழுத்தோடு முடித்தால் கதவைச் சாத்தியது மாதிரி இருக்கிறது. கோட்டோடு முடித்தால் படிப்பவருக்குப் புரியாமல் போய்விடுமோ என்று இருக்கிறது.

மாட்டுங்கா டீச்சர்:

இரண்டையும் எழுதிப் பார். ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை. ஹெமிங்வே ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலின் கடைசிப் பக்கத்தை 39 தடவை திருப்பி எழுதினேன் என்று ஒரு பேட்டியில் சொன்னார். என்ன சிக்கல் என்று கேட்டதற்கு, வார்த்தைகள் சரியாக அமைய வேண்டியிருந்தது என்றுதான் சொன்னார். நீயும் இப்போது அந்த இடத்துக்கு வந்துவிட்டாய், கண்ணு. என்ன நடக்கிறது என்பது தீர்ந்துவிட்டது, இனி வார்த்தைதான்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது, எடுத்துக்கொள்வதும் விடுவதும் உன் இஷ்டம். கையெழுத்தை முன்னால் வை. அவன் ஏதோ அலுப்பில், வீட்டுக்காகத்தானே என்று, நம்பாமலே போட்டுவிடட்டும். கோடு அதற்கு அடுத்த நாள் காலையில் வரட்டும். சட்டத்துக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டவன் மறுநாள்தான் நிஜமாக ஒத்துக்கொள்கிறான். புரியுமா என்று பயப்படாதே, தேங்காய் துருவுகிற சத்தத்தை மட்டும் எடுத்துவிடாதே.

லேபர்கேம்ப்பொண்ணு:

டீச்சரம்மா, இது சரியாக இருக்கிறது. கையெழுத்து முன்னால்தான். நேற்று ராத்திரியே ஆறாவது அத்தியாயத்தைத் திறந்து, சைக்கிளை முதல் தடவை விவரிக்கும் இடத்தில் சீட்டுக் கம்பியைப் பற்றி அரை வரி சேர்த்தேன். பிறகு முதலிலிருந்து படிக்க ஆரம்பித்திருக்கிறேன், இந்த முடிவைத் தெரிந்துகொண்டு படிக்கும்போது இருபத்தைந்திலிருந்து முப்பது வரை பாதி தேவையே இல்லை என்று தெரிகிறது. நிறைய வேலை இருக்கிறது.

கோர்ட்டுக்கார அண்ணாவிடம் ஒன்று கேட்க வேண்டும். மனைவி போடும் வழக்கில் மகன் எந்த இடத்தில் கையெழுத்துப் போடுவான்?

கோர்ட்டுக்காரன்:

அவனும் வாரிசு, அதனால் அம்மாவோடு சேர்ந்து வாதியாகவே போடலாம், 2012-இல் மேஜர்தானே. சேர மறுத்தால் அவனைப் பிரதிவாதியாகக் காட்ட வேண்டி வரும், அதாவது அம்மா வழக்குப் போட்டது மகன் மேல் என்று காகிதத்தில் இருக்கும். இப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா வக்கீலிடம், ‘அவன் பேரை எதிர்ப் பக்கத்தில் எழுதாதீங்க, இன்னும் ஒரு மாசம் பொறுங்க, வந்து போடுவான்’ என்று சொல்லி வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.